பெரம்பலூர் சீல்டு டோர்னமெண்ட்

"அண்ணே, ஷீல்டு எத்தனை அடிங்க?"

போனில் கேட்டவன் தா.பழூர் வாலிபால் டீமின் கேப்டன். மணிவேலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டேஷனரி கடை வைத்திருப்பவனிடம் ஸ்கேல் எத்தனை அடி என்று கேட்டால் நியாயம். ஷீல்டு எத்தனை அடி என்றால் என்ன சொல்வது?

"எந்த ஷீல்டு தம்பி?"

"நீங்கதானேண்ணே ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கீங்க, ஞாயித்துக்கிழமை சீல்டு டோர்னமெண்ட்டுன்னு. போன வருசம் ஆண்டிமடத்துல ஆறடி குடுத்தாங்க. அதுக்குக் கொறைச்சலா இருந்தா பசங்க வண்டி ஏற மாட்டானுங்க."

மணிவேல் பொறுமையாக விளக்கினான். இது அந்த ஷீல்டு இல்லை. சீல் வைத்த பெட்டி என்கிறோமே, அந்தச் சீல்டு. கட்டைவிரல் உயரத்துக்குச் சூப்பர் ஹீரோ பொம்மைகள் பெட்டிக்குள் இருக்கும். எந்தப் பெட்டியில் எந்த வீரன் என்று விற்கிற கடைக்காரனுக்கே தெரியாது. போட்டி நடக்கும் இடத்தில் உட்கார்ந்து சீலைப் பிரித்து, உள்ளே எவன் வருகிறானோ அவனை வைத்தே மோத வேண்டும். கேப்டன் எல்லாவற்றையும் 'ம்' கொட்டிக் கேட்டுவிட்டு, அப்படியானால் ஷீல்டும் பெட்டிக்குள்தான் இருக்குமா என்று கேட்டான்.

ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்த பரிமளா தலையில் அடித்துக்கொண்டாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து புருஷனைப் பார்த்து வருகிறவள் அவள்.

"ஒரு போன் பண்ணா முடிஞ்சு போற வேலைக்கு ஊரையே கூப்புடுறீங்க," என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. மணிவேல் இந்தப் போட்டியை நடத்தத் துணிந்ததே ஒரே ஓர் ஆளுக்காகத்தான். அந்த ஆள் சாமிதுரை. இப்போது அரியலூரில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். ஒரு காலத்தில் மணிவேலும் அவனும் ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிள், ஒரே பரோட்டாவில் பாதிப் பாதி.

பத்தாவது படிக்கும்போது சாமிதுரையின் மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே பன்னிரண்டு பொம்மைகள். ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு வட்டச் சக்கரம். அடி விழ விழச் சக்கரத்தைத் திருக வேண்டும். சின்ன ஜன்னலில் தெரியும் எண் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் மண்டையோடு தெரிந்தால் ஆள் காலி. விதிப்புத்தகமும் இருந்தது. ஆனால் மாமாவின் பெட்டியில் தைலப் புட்டி உடைந்து அதில் பாதி ஊறிப் போய்விட்டது. மீதிப் பாதி ஆங்கிலத்தில் இருந்தது, அதுவும் ஊறியதற்குச் சமம்தான். இன்றைக்கும் எங்காவது தைல வாசனை வந்தால் மற்றவர்களுக்குத் தலைவலி போகும். மணிவேலுக்குச் சாமிதுரை ஞாபகம் வரும்.

பொம்மைகளின் சொந்தப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஆகவே இருவரும் சேர்ந்து புதிதாகப் பெயர் வைத்தார்கள். கையை எட்டு முழத்துக்கு நீட்டுகிறவன் கண்டக்டர். இருந்த இடத்தை விட்டு நகராத கல் மனிதன் கம்பம். விரலில் மின்னல் பாய்ச்சுகிற பெண் ஈ.பி. அக்கா. சாமிதுரை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மூடியில் சாக்பீஸால் கட்டம் போட்டு, இரண்டு கோடை விடுமுறைகளை அந்தப் பன்னிரண்டு பேருக்காகவே செலவழித்தார்கள். அதைப் போல ஒரு சந்தோஷம் பிறகு மணிவேலுக்கு வாய்க்கவே இல்லை. இதைப் பரிமளாவிடமே ஒரு தடவை சொல்லி, ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

இரண்டாவது கோடையின் கடைசி ஆட்டத்தில்தான் வினை வந்தது. சாமிதுரையின் ஈ.பி. அக்கா செத்து ஓரமாகக் கிடந்தாள். அடுத்த அடியில் மணிவேலின் கண்டக்டர் விழுந்தார். உடனே சாமிதுரை ஈ.பி. அக்காவைத் தூக்கிக் கட்டத்துக்குள் நிறுத்தி, உயிர் வந்துவிட்டது என்றான். செத்தவள் எப்படி எழுந்து வருவாள் என்றான் மணிவேல். ஒன்று விழுந்தால் ஒன்று எழும் என்றான் அவன். அந்தப் பக்கம் தைலத்தில் ஊறிப் போயிருந்தது. ஏமாற்றுக்காரன் என்ற வார்த்தை மணிவேலின் வாயிலிருந்து வந்தது. பொம்மைகளை ஆளுக்கு ஆறாகப் பிரித்துக்கொண்டார்கள். அவன் சிங்கப்பூர் போனதும், திரும்பி வந்ததும், கல்யாணம் செய்ததும் மணிவேலுக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். பத்திரிகை வந்தது, போகவில்லை. இவன் அனுப்பிய பத்திரிகைக்கு அவனும் வரவில்லை.

இருபது வருஷத்தில் அந்த விதியை மணிவேல் விசாரித்திருக்கலாம். தான் சொன்னது தப்பாகப் போய்விட்டால் இத்தனை வருஷக் கோபத்தை எங்கே கொண்டு கொட்டுவது என்ற பயத்தில் விசாரிக்கவில்லை.

போன மாதம் சென்னைக் கம்பெனி ஒன்று அதே ஆட்டத்தைப் புது மெருகோடு மணிவேலின் கடைக்குக் கொண்டுவந்தது. புது வரவுக்கு 'ஆழ்கடல் படை' என்று பெயர். கம்பெனி சொன்ன நிபந்தனை எளிமையானது. முதல் போட்டி புது வரவை வைத்துச் சீல்டு முறையில்தான் நடக்க வேண்டும். எட்டுப் பேராவது ஆட வேண்டும். கம்பெனி ஆள் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால், அடுத்து மற்ற முறைகளுக்கும் அனுமதி: அவரவர் சேர்த்து வைத்ததில் ஆள் பொறுக்கிக்கொண்டு வந்து ஆடும் முறை, பழைய பொம்மைகளை மட்டும் வைத்து ஆடும் முறை.

பழைய பொம்மைகள் என்ற சொல்லில் மணிவேல் விழுந்துவிட்டான். அவனிடம் ஆறு, சாமிதுரையிடம் ஆறு. கூப்பிட ஒரு சாக்கு கிடைத்தது. சாமிதுரையின் நம்பர் போனில் இருந்தது. அமுக்க விரல்தான் வரவில்லை. ஒரு போன் செய்யக் கூச்சப்பட்டவன் ஒரு டோர்னமெண்ட் நடத்தக் கூச்சப்படவில்லை. ஸ்டேட்டஸ் போட்டான். பார்த்தவர்களில் சாமிதுரை பெயரும் இருந்தது. வருகிறேன் என்றோ, வாழ்த்துகள் என்றோ ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் மற்ற எல்லாரும் வருவதாக இருந்தார்கள்.

வாலிபாலைத் தொடர்ந்து செட்டிகுளத்திலிருந்து கபடி, குன்னத்திலிருந்து கிரிக்கெட் என்று போன் ஓயவில்லை. குழப்பம் தீரட்டும் என்று மணிவேல் பிளெக்ஸ் கடை ரஞ்சித்குமாரிடம் போய், விஷயத்தைத் தெளிவாக எழுதி ஒரு பேனர் அடிக்கச் சொன்னான். ரஞ்சித்குமார் தமிழ்ப் பற்றுள்ளவன். 'சீல்டு' என்பது எழுத்துப்பிழை என்று கண்டுபிடித்து, 'ஷீல்டு' என்று திருத்தி, பக்கத்தில் ஆளுயரக் கேடயம் ஒன்றையும் வரைந்து, நாலு ரோட்டில் கட்டிவிட்டான். மானத்தைக் காப்பாத்தியிருக்கேண்ணே என்று வேறு சொன்னான்.

பேனருக்குக் கீழே 'மேசை விளையாட்டு' என்று ஒட்டச் சொன்னான் மணிவேல். அரியலூரிலிருந்து கேரம் கிளப்காரர்கள் கூப்பிட்டு, ஸ்ட்ரைக்கர் நாங்களே கொண்டுவரலாமா என்றார்கள். அதற்கும் கீழே 'வீரர்கள் பெட்டிக்குள் இருப்பார்கள்' என்று ஒட்டினான். கல்லங்குறிச்சியிலிருந்து ஒருவர் மேஜிக் ஷோவுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா என்று விசாரித்தார். பெட்டிக்குள் இருப்பவர்களுக்குக் காற்றுக்கு என்ன ஏற்பாடு என்றும் கவலைப்பட்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததைப் பார்த்து நொந்து போனவன், சனிக்கிழமை மத்தியானம் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். 'ஷீல்டு போட்டி எதுவும் கிடையாது. தயவுசெய்து யாரும் வர வேண்டாம்' என்று ஸ்டேட்டஸ் போட்டு, கூப்பிட்ட எல்லா டீமுக்கும் தனித்தனியாகவும் அனுப்பினான். பலன் கைமேல் கிடைத்தது. போன் அடங்கியது. யாரும் வரவில்லை. ஒழுங்காகப் பெயர் கொடுத்திருந்த பதினாறு பேரும் அந்த ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு வேலை வைத்துக்கொண்டார்கள்.

ஞாயிறு காலை துறைமங்கலத்தில் ஒரு சின்ன மண்டபத்தின் மாடிப் பந்தி ஹாலில் மேசைகள் வரிசையாகக் கிடந்தன. மேசைக்கு மேசை கட்டம் போட்ட மேட் விரித்திருந்தது. ஆட்களைத்தான் காணோம். காலையிலிருந்து போன் போட்டுக் கெஞ்சியதில் ஆறு பேர் வந்து சேர்ந்தார்கள். மணிவேல் வாசலில் நின்று, சென்னை ஆள் வருவாரா, அரியலூர் ஆள் வருவானா என்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வந்தவர் ஒருவர்தான். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை, கேன்வாஸ் ஷூ, தோளில் பை. கழுத்தில் தொங்கிய கயிற்றின் நுனி சட்டைப் பைக்குள் இருந்தது. அடையாள அட்டை என்று மணிவேல் முடிவு செய்தான்.

"டோர்னமெண்ட் இங்கதானுங்களே?" என்று கேட்டார்.

"வாங்க சார். உங்களைத்தான் எதிர்பாத்துட்டிருக்கேன்."

"தரை எப்படிங்க?"

"மேட்டு சார். கம்பெனி மேட்டுதான் போட்டிருக்கோம்."

"பரவாயில்லையே. கோடெல்லாம் சரியா இருக்கா?"

"மேட்லயே அச்சடிச்சது சார்."

அவர் முகத்தில் மரியாதை தெரிந்தது. "வெயிட்டு?" என்றார்.

"எல்லாரும் உள்ளதான் வெயிட் பண்றாங்க சார்."

ஹாலுக்குள் நுழைந்தவர் மேசைகளையும் பொம்மைகளையும் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பார்த்துப் பழகியவர் போல மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பரிமளா பொங்கலும் வடையும் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டவர், வந்திருந்த ஆறு பேரையும் மணிவேலையும் சேர்த்து விரல் நீட்டி எண்ணினார்.

"ஏழு பேரு கரெக்டா இருக்கீங்க. எதிர்ல யாருங்க?"

மணிவேலும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தான். உண்மைதான். மூன்று ஜோடி போக, தான் உட்காரப் போகிற மேசைக்கு எதிரே ஆள் இல்லை. எட்டுக்கு ஒன்று குறைந்தாலும் அனுமதி இல்லை என்று கம்பெனி படித்துப் படித்துச் சொல்லியிருந்தது. அனுமதி போனால் பழைய பொம்மைகளும் போயின, சாமிதுரையும் போனான்.

அப்போது பரிமளா அவன் காதருகே வந்து, கீழே ஒருத்தர் அரை மணி நேரமாக ஒரே பைக்கைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார், இன்னும் துடைத்தால் பெயிண்ட் போய்விடும் என்றாள்.

மணிவேல் படியில் இறங்கினான். கேட்டுக்குப் பக்கத்தில் சாமிதுரை நின்றான். முன்வழுக்கை விழுந்திருந்தது, தொப்பையும் போட்டிருந்தது. ஆனால் அதே நிற்பு, ஒரு காலை லேசாக மடக்கிக்கொண்டு. அதைப் பார்த்ததும் மணிவேல் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டான். பேச நினைத்து வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

"ஒரு ஆள் கொறையுது," என்றான்.

"அதான் வந்துருக்கேன்ல."

"போட்டி கிடையாது, வர வேண்டாம்னு போட்டிருந்தேனே. பாக்கலியா?"

"பாத்தேன். போட்டி இல்லேன்னா கூட்டம் இருக்காதுன்னுதான் வந்தேன்," என்றான் சாமிதுரை, பைக்கைப் பார்த்தபடி.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சீலைப் பிரித்தார்கள். முதல் பத்து நிமிஷம் சம்பந்தி வீட்டுக்காரர்கள் போல மரியாதையாக ஆடினார்கள். பிறகு மணிவேலின் பெட்டியிலிருந்து எட்டுக் கை வில்லி ஒருத்தி வெளியே வந்தாள். சாமிதுரை அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவளைப் பந்தி பரிமாற விட்டால் ஒரே ஆளாக முடித்துவிடுவாள் என்றான். அவள் பெயர் பந்தி அக்கா ஆயிற்று. நண்டுக் கொடுக்கு வைத்த அவனுடைய வீரன் கட்டிங் பிளேயர் ஆனான். பக்கத்து மேசைக் கல்லூரிப் பிள்ளைகளும் தங்கள் பொம்மைகளுக்குப் பெயர் கேட்டார்கள். சாமிதுரை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, குழந்தைக்குப் பெயர் வைக்க வந்தவன் போல ஒவ்வொன்றாகச் சொன்னான். மணிவேல் கண்ணில் நீர் வரச் சிரித்தான். சிரிப்பால் வந்த நீர் எது, மற்றது எது என்று அவனுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கட்டிங் பிளேயர் செத்தான். இரண்டு சுற்று கழித்துப் பந்தி அக்காவும் செத்தாள். மணிவேல் அவளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தான். சாமிதுரையின் கை கட்டிங் பிளேயரைத் தூக்கிக் கட்டத்துக்குள் நிறுத்திவிட்டிருந்தது. கை தன் பழக்கத்தில் செய்துவிட்டது. அதைச் சாமிதுரையே இப்போதுதான் கவனித்தான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஏமாற்றுக்காரன் என்ற வார்த்தை மணிவேலின் நாக்கில் இல்லை. ஆனால் சரி என்ற வார்த்தையும் வரவில்லை. ஒத்துக்கொண்டால் இருபது வருஷமும் வீண். ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொரு இருபது வருஷம். புது விதிப்புத்தகத்தைப் புரட்டினான்; அதைப் பற்றி ஒரு வரி இல்லை. சாமிதுரை பொம்மையை வெளியே எடுக்கவும் இல்லை, அதை விட்டுக் கையை எடுக்கவும் இல்லை.

கடைசியில் மணிவேல் மூலையில் இருந்தவரை நோக்கித் திரும்பினான்.

"சார், ஒரு சந்தேகம். அவுட்டாகி வெளிய போன ஆளு, எதிராளி ஒருத்தன் அவுட்டானா திரும்ப உள்ள வரலாங்களா?"

அவர் யோசிக்கவே இல்லை. "தாராளமா வரலாம். அங்க ஒரு ஆள் போனா இங்க ஒரு ஆளுக்கு உயிரு. முதல்ல வெளிய போனவன் முதல்ல உள்ள வரணும், அவ்வளவுதான். எத்தனையோ ஊருல இதுக்குச் சண்டை பாத்துட்டேன். ரூலு ஒண்ணுதாங்க."

மணிவேல் புத்தகத்தை மூடி வைத்தான். கோபத்தைக் கொட்ட இடம் தேட வேண்டுமோ என்று இத்தனை வருஷம் பயந்தானே, கொட்டுவதற்கு உள்ளே ஒன்றுமே மிச்சம் இல்லை.

"நீ சொன்னதுதான் சரிடா. நான்தான் உன்னைய என்னென்னமோ சொல்லிப்புட்டேன்."

"விடுடா," என்றான் சாமிதுரை. ஜெயித்தவன் முகமாக அது இல்லை. "நானும் அன்னைக்கு ஒரு குத்துமதிப்பாத்தான் சொன்னேன்."

"ஈ.பி. அக்கா எப்படி இருக்கா?"

"சக்கரம் லேசா இறுகியிருக்கு. மத்தபடி நல்லாருக்கா. கண்டக்டரு?"

"ஒரு கை போயிருச்சு. இன்னொரு கை நீளுது."

அடுத்த ஞாயிறு அரியலூரில் சாமிதுரை வீட்டு மாடியில் பன்னிரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்துவது என்று முடிவாயிற்று. கம்பம் முதல் கண்டக்டர் வரை எல்லாரும் வர வேண்டும், பரிமளாவும் வர வேண்டும் என்றான் சாமிதுரை. பொம்மையோடு சேர்த்துக் கூப்பிட்டதற்குப் பரிமளா முறைத்தாள். ஆனாலும் போய் இரண்டாவது தடவை வடை கொண்டுவந்தாள்.

மணிவேலின் போன் அடித்தது. சென்னைக் கம்பெனி நம்பர். தங்கள் ஆள் வந்த பஸ் உளுந்தூர்பேட்டையில் நின்று போய்விட்டது, அவர் இன்னும் அங்கேதான் நிற்கிறார், மன்னிக்க வேண்டும், போட்டியைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்றது ஒரு பெண் குரல். மணிவேல் சரி என்று சொல்லி வைத்துவிட்டு, மூலையில் வடை தின்றுகொண்டிருந்தவரிடம் மெல்லப் போனான்.

"சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. நீங்க யாரு?"

"நான் கபடி ரெஃப்ரிங்க, செட்டிகுளத்துப் பசங்க வரச் சொல்லியிருந்தாங்க, அவனுங்களைத்தான் இன்னும் காணோம்."